விரட்டுச் சோதனை

ஒரு பறவையைப் பார்த்ததும் அதன் உற்பத்தித் தேதியைக் கேட்பது அந்தக் காலத்தில் மரியாதைக் குறைவாகக் கருதப்படவில்லை. கேட்காதவனைத்தான் ஏமாளி என்றார்கள். மதில் மேல் உட்கார்ந்திருக்கும் காக்கையைப் பார்த்து "தேதி?" என்று கேட்டால், அது தலையைச் சாய்த்து, தான் எந்த ஆண்டு, எந்த ஊரில் செய்யப்பட்டது என்று தெளிவாகச் சொல்லிவிட்டுப் பிறகு கரையும். காக்கை கரைந்தால் விருந்தாளி வருவார் என்ற நம்பிக்கை மட்டும் மாறவில்லை. மின்கலம் தீரும் நேரத்திலும் அது அப்படித்தான் கரையும் என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை.

இவற்றுக்குப் பொறிப்புள் என்று பெயர். அசல் பறவைகள் மிஞ்சியிருந்த சில மலைகளை அரசு 'உயிர்க்காடு' என்று அறிவித்து வேலி போட்டிருந்தது. அசலுக்கு மதிப்பு வந்ததும் அதற்கும் போலி வந்தது. தேதி கேட்டால் பதில் சொல்லாத ஊமைப் பொறிப்புள்களைச் செய்து, அசல் என்று காட்டிக் காசு பார்க்கும் கூட்டம் ஒன்று கிளம்பிற்று. ஆகவே மக்கள் ஒரு சோதனை கண்டுபிடித்தார்கள். அசல் பறவை ஆள் கிட்டே வந்தால் பறந்துவிடும். பொறிப்புள் பறக்காது, படத்துக்கு நிற்கும். கிட்டே போய்ப் பார்க்க வேண்டியதுதான். விரட்டுச் சோதனை என்று இதைச் சொன்னார்கள். தங்கத்துக்கு உரைகல், பறவைக்கு விரட்டு.

கூகைமலை அப்படி ஓர் உயிர்க்காடு. அதன் வழிகாட்டி மரகதவல்லி, ஒட்டன்சத்திரம் காய்கறி மண்டியில் ஏலம் கூவிக்கொண்டிருந்தவள். தக்காளிக்குச் சொன்ன பொய்கள் போதும் என்று ஒருநாள் தோன்ற, வனத்துறைத் தேர்வு எழுதி மலையேறிவிட்டாள். இப்போது அந்த மலையே அவள் கையைவிட்டுப் போகும் நிலையில் இருந்தது. மலை உச்சிச் சோலையில் மட்டும் வாழும் செம்பிடரிச் சிரிப்பானைப் பார்க்க வந்த முந்தைய இரண்டு குழுக்களும், விரட்டுச் சோதனையில் அது பறக்கவில்லை என்று சொல்லி 'போலி' என எழுதிக் கொடுத்திருந்தன. மூன்றாவது குழுவும் அப்படி எழுதினால் உயிர்க்காடு என்ற பட்டம் போய்விடும். பக்கத்து மலையில் பொறிப்புள் பூங்கா நடத்துகிறவர்கள் ரம்பத்தோடு காத்திருந்தார்கள்.

மரகதவல்லிக்கே உள்ளுக்குள் சந்தேகம் தட்டியிருந்தது. அவள் கிட்டே போனால் அந்தப் பறவை பறக்கிறது. வந்தவர்கள் போனால் பறக்க மறுக்கிறது. இது என்ன கணக்கு? தான் அசந்த நேரத்தில் எவனாவது பறவையையே மாற்றி வைத்துவிட்டானா?

அன்று வந்தவர்கள் மூன்று பேர். விருதுநகர்ப் பருப்பு மொத்த வியாபாரி மாரிக்கனி அண்ணாச்சி. கோவையிலிருந்து ஓய்வு பெற்ற நீதிபதி வரதராஜுலு. திருச்சி கண் மருத்துவர் ரெஹானா. மூவரும் வாசலில், 'நான் நேரில்தான் வந்திருக்கிறேன்' என்று நெஞ்சில் கைவைத்து உறுதிமொழி சொன்னார்கள்.

இந்த உறுதிமொழிக்குக் காரணம் உண்டு. அந்தக் காலத்தில் ஓரளவு வசதியுள்ள யாரும் எங்கும் நேரில் போவதில்லை. கல்யாணம், துக்கம், பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டம் எல்லாவற்றுக்கும் 'பதிலுடல்' போகும். அதே முகம், அதே குரல், ஒருநாள் அளவுக்கு எடுத்து ஊற்றிய அதே புத்தி. போய்விட்டு வந்து, பார்த்ததையெல்லாம் உடையவரின் நினைவில் இறக்கிவைக்கும். துக்க வீட்டில் இரண்டு பதிலுடல்கள் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு அழுவது சகஜமாகிவிட்டது. உயிர்க்காட்டுக்குள் மட்டும் அவற்றுக்கு அனுமதி இல்லை. பிடிபட்டால் பதிலுடல் பறிமுதல். உடையவரின் பெயரையும் படத்தையும் மலை அடிவாரத்தில் ஒரு வருடத்துக்கு மாட்டிவைப்பார்கள்.

விடியும்போதே ஏறத் தொடங்கினார்கள். கிளம்புமுன் மரகதவல்லி புட்டும் கடுங்காப்பியும் கொடுத்தாள்.

"வேண்டாம்மா, வெளியில கை நனைக்கிறதில்ல" என்றார் மாரிக்கனி. "ஊருக்கே பருப்பு விக்கிறவன் நான். எதுல என்ன கலக்கிறாங்கன்னு எனக்குத் தெரியும்."

மற்ற இருவரும் விரதம் என்றார்கள். ஒரே நாளில் நீதிபதிக்கும் ரெஹானாவுக்கும் என்ன பொதுவான விரதம் என்று மரகதவல்லி ஒரு கணம் யோசித்தாள். பிறகு புட்டை அவளே தின்றாள்.

முதல் வளைவிலேயே ஒரு குக்குறுவான் கூவத் தொடங்கியது. குட்ரூ, குட்ரூ, குட்ரூ. ஒரே சுருதி, ஒரே இடைவெளி. மாரிக்கனி நின்று காதைக் கொடுத்தார்.

"ரெக்கார்டு."

"இல்ல அண்ணாச்சி, அது அப்படித்தான் கூவும்."

"நிறுத்தாம ஒரே மாதிரி கத்துறது ஒண்ணு டேப்பு, இல்லன்னா என் சம்பந்தி. ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லுங்க."

மலை இருவாட்சி ஒன்று பள்ளத்தாக்கைக் கடந்தபோது அதன் சிறகொலி புஸ் புஸ் என்று காடு முழுக்கக் கேட்டது. எந்தப் பறவைநோக்கரும் அந்த ஒலிக்கு மெய்சிலிர்ப்பார். நீதிபதி புருவத்தைத் தூக்கினார். "இயந்திரச் சத்தம் போல் இருக்கிறதே?"

"சிறகுச் சத்தம்தான் ஐயா."

"அப்படி நீங்கள் சொல்கிறீர்கள். பதிவு செய்துகொள்கிறேன்."

ரெஹானா தொலைநோக்கியை இறக்காமலே சொன்னாள்: "கண்ணு ரொம்பப் பளபளன்னு இருக்கு. இவ்வளவு சுத்தமான கண்ணை நான் கிளினிக்ல பார்த்ததே இல்ல."

ஓடையைத் தாண்டியதும் ஈரச் சருகுக்காடு. மூன்று பேரும் வேகமாக ஏறினார்கள். பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்த மரகதவல்லி, நகரத்து மனிதர்களின் உடற்பயிற்சியை மனசுக்குள் மெச்சினாள். ஒரு பாறையில் உட்கார்ந்து காலுறையை இறக்கினாள். இரண்டு காலிலும் அட்டைகள் அவரைக்காய்ப் பருமனுக்கு ஊதித் தொங்கின. மூக்குப்பொடியைத் தூவி உதிர்த்தாள். ரத்தம் ஒழுகிற்று.

மாரிக்கனி வேட்டியை மடித்துத் தன் காலைப் பார்த்தார். பிறகு அவள் காலைப் பார்த்தார்.

"இது என்ன கூத்து? மழைக்காடுன்னு சொன்னீங்க. எங்க யார் மேலயும் ஒரு அட்டைகூட ஏறலையே. அட்டையிலயும் டூப்ளிகேட்டா?"

"எனக்கு ஏறியிருக்கே அண்ணாச்சி!"

"அதைத்தாம்மா நானும் கேக்கிறேன். உங்களுக்கு மட்டும் ஏறுதுன்னா, நீங்க வளக்கிற அட்டை. கடைக்கு முன்னால நாலு ஆளை நிக்கவெச்சு வியாபாரம் நடக்கிற மாதிரி காட்டுறது எங்க தெருவுலயே உண்டு."

மரகதவல்லிக்குச் சுருக்கென்றது. மண்டியில் வளர்ந்தவளாதலால் காலுறையை ஏற்றிக்கொண்டு எழுந்து நடந்தாள். சரக்கைக் காட்டுமுன் வாயைக் காட்டினால் விலை விழுந்துவிடும்.

உச்சிச் சோலையை அடைந்தபோது மூடுபனி விலகிக்கொண்டிருந்தது. பாசி தொங்கும் ஒரு குட்டை மரத்தில், பிடரியில் செம்பு பூசியது போல ஒரு சிறிய பறவை. திடீரென்று பல பேர் சேர்ந்து சிரிப்பது போலக் குரல் கொடுத்தது. மரகதவல்லி விரலை நீட்டினாள்.

"அதோ" என்றாள் மெல்ல. "செம்பிடரிச் சிரிப்பான்."

"தேதி?" என்று உரக்கக் கேட்டார் நீதிபதி.

பறவை ஒரு பழத்தைக் கொத்தியது.

"ஊமை" என்றாள் ரெஹானா. "சோதிச்சுடலாம்."

மாரிக்கனி வழிகாட்டியின் பக்கம் திரும்பினார். "நீங்க இங்கயே நில்லுங்க. கையை ரெண்டையும் தலைமேல வையுங்க. விசை எதையும் அமுக்கப்படாது பாருங்க."

மலையின் தலைவிதி நிர்ணயமாகும் நேரத்தில் மரகதவல்லி தலைமேல் கை வைத்து நின்றாள். அது அவளுக்குப் பொருத்தமான நிலையாகவும் இருந்தது. ஆனால் முன்னே போக யாரும் முந்தவில்லை.

"டாக்டரம்மா, நீங்க போங்க. கண்ணு பாக்கிறவங்க."

"பெரியவர் இருக்கும்போது நான் எப்படி? ஜட்ஜ் ஐயா போகட்டும்."

"தீர்ப்பு சொல்பவன் சாட்சியாக இருக்கக் கூடாது. மாரிக்கனி, நீங்களே போய் வாருங்கள்."

"தனியாப் போனா, நான் மட்டும் காசு வாங்கிட்டேன்னு சொல்லுவீங்க. சேர்ந்தே போவோம்."

சேர்ந்தே போனார்கள். பறவை பறக்கவில்லை. இன்னும் கிட்டே போனார்கள். அது ஒரு கிளை இறங்கி வந்தது. ரெஹானா கையைத் தட்டினாள். அது தலையைத் திருப்பி அவளைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற மாரிக்கனியின் தோளில் கிடந்த துண்டில் வந்து உட்கார்ந்து, ஒரு நூலை உருவத் தொடங்கியது. கூட்டுக்கு ஆகும் என்று நினைத்திருக்கும்.

"போலி" என்றார் நீதிபதி.

"சுத்தப் போலி" என்றாள் ரெஹானா.

"துண்டு அசலும்மா, சேலம் கைத்தறி" என்றார் மாரிக்கனி. "அதைப் போய்ப் பிடுங்குது."

மரகதவல்லியால் பொறுக்க முடியவில்லை. கைகளை இறக்கிவிட்டு அவர்களை நோக்கி ஓடினாள். பாதி தூரம்கூட வந்திருக்கமாட்டாள். பறவை அலறிக்கொண்டு எழும்பி, மரங்களுக்கு மேலே போய் மறைந்துவிட்டது.

"பாத்தீங்களா! பறந்துடுச்சு! அசல்!" என்று கத்தினாள்.

"பாத்தோம்" என்றார் மாரிக்கனி அமைதியாக. "கையை இறக்கினீங்க, பறந்துச்சு. விசை இடுப்புல இருக்கா, மோதிரத்துல இருக்கா?"

நீதிபதி புகாரைச் சொல்லத் தொடங்கினார். "கூகைமலையில் காட்டப்பட்ட பறவை..."

மரகதவல்லி தலைகுனிந்து நின்றாள். அதனால் கண்ணில் பட்டது. அவள் காலணியின் மேல் மூன்று அட்டைகள் புதிதாக ஏறிக்கொண்டிருந்தன. பக்கத்தில் மூன்று ஜோடிக் கால்கள். அவற்றைச் சுற்றிச் சருகில் இருந்த அட்டைகள் நிமிர்ந்து, முகர்ந்து, சலித்து, அவளை நோக்கியே திரும்பி வந்தன. மூச்சு வாங்காத ஏற்றம். தொடாத புட்டு. ஒரே நாள் விரதம். பறவை அலறியது அவளைக் கண்டு மட்டும். இந்த மூன்று பேர் அதற்கு நடமாடும் மரங்கள்!

அவள் முகத்தில் ஏலக்காரியின் களை திரும்பி வந்தது.

"ஐயா, புகாரைத் தாராளமா எழுதுங்க. ஒரு சின்ன முறை இருக்கு. புகார் சொல்றவங்க நேர்ல வந்தவங்கதானான்னு நான் உறுதி செய்யணும். அதோ அந்தச் சேத்துல செருப்பைக் கழட்டிட்டுக் கொஞ்ச நேரம் நில்லுங்க. ஆளுக்கு ஒரே ஒரு அட்டை ஏறினாப் போதும். நானே 'போலி'ன்னு கையெழுத்துப் போட்டு, மலையைப் பூட்டிச் சாவியை உங்க கையில குடுத்துடறேன்."

எங்கிருந்தோ குக்குறுவான் கூவியது. மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். 'நீயுமா?' என்று மூன்று முகத்திலும் எழுதியிருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அவர்கள் ஒருவரையொருவர் முழுமையாக நம்பினார்கள்.

முதலில் பேசியது நீதிபதி. "புகார் என்று நான் எங்கே சொன்னேன்? காட்டப்பட்ட பறவை... மிகச் சிறந்த பறவை என்று முடிக்க வந்தேன்."

"அந்தக் கண்ணைப் பார்த்ததுமே எனக்குத் தெரியும்" என்றாள் ரெஹானா. "உயிருள்ள கண்ணு."

மாரிக்கனி தோள் துண்டை எடுத்து மரகதவல்லியின் கைமேல் போட்டார். மாட்டுச் சந்தையில் தரகர்கள் செய்வது போல, துண்டுக்கடியில் அவள் விரல்களைப் பிடித்துப் பேரம் பேசப் பார்த்தார். அவர் கை வெதுவெதுப்பாகத்தான் இருந்தது; நாடிதான் இல்லை.

அவள் துண்டை மடித்து அவர் தோளிலேயே போட்டாள். "விலை எதுவும் வேண்டாம் அண்ணாச்சி. சோதிச்சேன், அசல்னு மூணு பேரும் எழுதிக் குடுங்க. போதும்."

"சோதிச்சேன்னு மட்டுமா? நேர்ல வந்து சோதிச்சேன்னு எழுதணுமா?"

"அது உங்க மனசாட்சி."

"அதைக் கடையில விட்டுட்டு வந்துட்டேனே" என்றார் மாரிக்கனி, வருத்தத்தோடு.

மூவரும் 'நேரில் கண்டேன்' என்றே எழுதினார்கள். அந்தச் சான்றிதழில் பறவை ஒன்றுதான் உண்மை. ஆனால் சான்றிதழ்கள் அந்த அளவுக்கு உண்மையாக இருப்பதே அபூர்வம் என்பதால், மலை பிழைத்தது. அவர்கள் இறங்கிப் போனபின் மரகதவல்லி சோலைப்பக்கம் திரும்பி நடந்தாள். சிரிப்பான் அவளைக் கண்டு அலறிக்கொண்டு பறந்தது. அவளுக்கு அதைவிட நல்ல மரியாதை யாரும் செய்ததில்லை.

மாலையில் விருதுநகர்க் கடையில், அசல் மாரிக்கனி துவரம்பருப்பு மூட்டையில் குத்தூசியைச் செருகி, மேலே ஒரு சரக்கும் அடியில் ஒரு சரக்குமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். பதிலுடல் உள்ளே வந்தது.

"மலைக்குப் போய்ட்டு வந்தாச்சு. பறவை அசல். நினைவை இறக்கட்டுமா?"

"ஒரு நாள் பூரா நடந்ததையா? யாருக்கு நேரம்? போன வருஷத்துக் காசி யாத்திரையே இன்னும் பாக்காமக் கிடக்கு. அதோட சேத்து வை." பருப்பை உள்ளங்கையில் உருட்டியவர், திடீரென்று நிமிர்ந்தார். "நில்லு. காலைக் காட்டு."

பதிலுடல் காலைக் காட்டியது. மாரிக்கனி குனிந்து விரலிடுக்கு வரை பார்த்தார்.

"மழைக்காட்டுக்குப் போய்ட்டு வந்தேங்கிறே. ஒரு அட்டைக்கடியைக் காணோம்?"

"அட்டை ரத்தமிருந்தாத்தான்..."

"கதை விடாதே. எங்கயோ பஸ் ஸ்டாண்டுல உக்காந்து பொழுதை ஓட்டிட்டு வந்திருக்கே."

"நான் ஏன் அப்படிச் செய்யணும்?"

"ஏன்னா, உனக்கு ஊத்தியிருக்கிறது என் புத்தி. நானா இருந்தா அதைத்தான் செஞ்சிருப்பேன்!"

அன்றே அவர் பதிலுடல் செய்து தந்த நிறுவனத்துக்கு ஒரு புகார் அனுப்பினார். தனக்குத் தரப்பட்டிருக்கும் பதிலுடல் போலி என்றும், உடனே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, நம்பகமான அசல் பதிலுடல் ஒன்றை அனுப்பிவைக்க வேண்டும் என்றும் அதில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். விசாரிக்க வருகிறவர் நேரில்தான் வர வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை.