புள்ளைக்குக் குடு

நாரேயின் கையுறைக்குள் இதுவரை விழுந்தவை: ஒரு வேர்க்கடலைத் தோல், இரண்டு கொசுக்கள், மாமாவின் கோப்பையிலிருந்து தெறித்த பீர், ஒருநாள் நல்ல மழை. பேஸ்பால் பந்து மட்டும் விழவே இல்லை.

முதல் வகுப்பில் வாங்கிய கையுறை அது. அப்போது அவள் கையில் அது ஒரு பானையைக் கவிழ்த்த மாதிரி இருந்தது. இப்போது ஆறாம் வகுப்பு, தொடக்கப் பள்ளியின் கடைசி வருடம். கைக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. பந்துதான் வர மாட்டேன் என்கிறது.

தென்கொரியாவின் பூசான் மைதானத்தில் ஒரு வழக்கம் உண்டு. மட்டையில் கோணலாகப் பட்டுக் கூட்டத்துக்குள் பறந்து வரும் பந்தைப் பெரியவர் யாராவது பிடித்தால், பக்கத்தில் இருக்கும் குழந்தைக்குக் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காமல் பையில் போட்டுக்கொண்டால் அவ்வளவுதான். "புள்ளைக்குக் குடு! புள்ளைக்குக் குடு!" என்று மைதானமே கத்தும். அந்தச் சத்தத்தில் எப்பேர்ப்பட்ட மீசைக்காரரும் பந்தைக் கொடுத்துவிட்டுத்தான் உட்காருவார்.

நாரேயின் வகுப்பில் படிக்கும் தேசிக் அப்படி இரண்டு பந்துகள் வாங்கிவிட்டான். தினமும் பள்ளிக்குக் கொண்டுவந்து மேசையில் உருட்டுவான். நாரேயின் பக்கமாகத்தான் உருட்டுவான்.

இன்று இந்த ஆண்டின் கடைசி ஆட்டம். அடுத்த வருடம் நாரே நடுநிலைப் பள்ளிக்குப் போய்விடுவாள். நடுநிலைப் பள்ளிப் பிள்ளையைப் பூசானில் யாரும் 'புள்ளை' என்று சொல்ல மாட்டார்கள். அவளுக்காக ஒருவரும் கத்த மாட்டார்கள். ஆக, இன்று விட்டால் இனி இல்லை.

"மாமா, இன்னிக்காவது நம்ம பக்கம் பந்து வருமா?"

"பந்துக்கு நம்ம சீட்டு நம்பர் தெரியுமா என்ன? வந்தா வரும்," என்றார் மாமா.

மாமா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். அங்கே இரும்புச் சத்தத்துக்கு நடுவே பேசிப் பேசி, மெதுவாகப் பேசுவது எப்படி என்பதே அவருக்கு மறந்துபோய்விட்டது. மைதானத்தில் அது வசதி. அவர்கள் பகுதியில் எந்தக் கோஷமானாலும் முதல் குரல் அவருடையதுதான்.

அவர்கள் வந்தபோது நாரேயின் பக்கத்து இருக்கையில் ஏற்கெனவே ஒருவன் இருந்தான். இருந்தான் என்பதைவிட நிறைந்திருந்தான் என்பது சரி. அவன் உட்கார்ந்திருந்தும் பின்வரிசைக்காரர் நின்றுதான் ஆட்டம் பார்க்க வேண்டியிருந்தது. மேலுதட்டில் பென்சிலால் கோடு இழுத்த மாதிரி மீசை. தலையில் பூசான் அணியின் புத்தம்புதுத் தொப்பி. அதில் விலைச்சீட்டு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. ஊர் சுற்றிப் பார்க்க வந்தவன் என்று எழுதி ஒட்ட வேண்டியதில்லை.

மாமாவுக்கு அவனைப் பார்த்ததும் பிடித்துவிட்டது. ஒரு கோப்பை பீரை நீட்டினார்.

"நம்ம ஊருக்கு வந்துட்டு வெறுங்கையோட உக்காரலாமா சார்? பிடிங்க."

அவன் மிரண்டுபோய்த் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினான்.

"பாத்தியா நாரே, ஒழுக்கமான மனுஷன். மல்யுத்த வீரரா இருப்பாரு. உடம்பைக் காப்பாத்திக்கிறாரு," என்ற மாமா, அந்தக் கோப்பையையும் தானே குடித்தார்.

ஆட்டம் தொடங்கியது. நாரேக்குப் பக்கத்தில் இருப்பவனோடு பேச வேண்டும் போல் இருந்தது. ஆனால் முதலில் வயது தெரிய வேண்டும். வயது தெரியாமல் ஒருவரை என்னவென்று கூப்பிடுவது? பள்ளியில் படித்த ஆங்கிலத்தைக் கூட்டிச் சேர்த்து, வயது என்ன என்று கேட்டாள்.

அவன் பத்து விரல்களைக் காட்டினான். பிறகு ஒரு விரல்.

இன்னொரு பத்தைக் காட்ட மறந்துவிட்டான் போலிருக்கிறது என்று நினைத்து நாரே மறுபடியும் கேட்டாள். மறுபடியும் பத்து. மறுபடியும் ஒன்று.

அவன் பெயர் செமிசி. டோங்கா தீவிலிருந்து வந்திருக்கிறான். பதினோரு வயது. அம்மாவோடு வந்தானாம், சேர்ந்தாற்போல் இரண்டு இடம் கிடைக்கவில்லையாம், அம்மா பத்து வரிசை மேலே இருக்கிறாராம். அவன் காட்டிய திசையில் பூப்போட்ட சட்டை அணிந்த குட்டையான அம்மா ஒருவர் கையை ஆட்டினார்.

நாரே தன் பத்து விரல்களைக் காட்டினாள். பிறகு இரண்டு விரல்கள். தன் நெஞ்சைத் தொட்டு, "அக்கா" என்றாள்.

"அக்கா," என்றான் செமிசி, பணிவாக. அவளை அவன் குனிந்து பார்க்க வேண்டியிருந்தது.

நாரே மாமாவின் தோளை இடித்தாள். "மாமா, இவனுக்குப் பதினோரு வயசுதான்."

"ரெண்டு பேர் அவுட்டு. மூணு தளத்துலயும் ஆள் நிக்கிறான். இப்பப் போயி வயசு கியசுன்னுக்கிட்டு," என்றார் மாமா. அவர் கண் மைதானத்தைவிட்டு நகரவில்லை.

அதன் பிறகு நேரம் போனதே தெரியவில்லை. பூசான் அணியில் ஒவ்வொரு மட்டையாளருக்கும் ஒரு பாட்டு இருக்கிறது. எங்கே கை தட்ட வேண்டும், எங்கே எழுந்து குதிக்க வேண்டும் என்று நாரே சொல்லிக்கொடுத்தாள். செமிசி எல்லாப் பாட்டையும் தப்பாகப் பாடினான், ஆனால் மாமாவுக்கு ஈடாகப் பாடினான். அவன் குதித்தபோது அந்த வரிசையில் இருந்த அத்தனை கோப்பைகளும் குதித்தன.

ஏழாவது சுற்றில், கிளம்பும்போது குப்பை அள்ளுவதற்காகச் செம்மஞ்சள் நிறப் பைகளைக் கொடுத்தார்கள். அதை முதலில் தலையில் மாட்டிக்கொள்வதும் பூசான் வழக்கம்தான். மைதானம் முழுக்க எல்லோரும் பையை ஊதி, கட்டி, கைப்பிடிகளைக் காதில் மாட்டிக்கொண்டார்கள். மாமாவும் பரீட்சை எழுதுகிற முகத்தோடு பையை ஊதித் தலையில் வைத்துக்கொண்டார். செமிசி அவரையே வாயைப் பிளந்து பார்த்தான். பிறகு தன் பையை ஊதினான். ஆனால் கைப்பிடிகள் அவன் காதுவரை எட்டவில்லை. நாரே இரண்டு பைகளைச் சேர்த்து முடிச்சுப் போட்டு மாட்டிவிட்டாள். தலையில் இரண்டு பலூன்களோடு அவன் இன்னும் உயரமாகிவிட்டான்.

எட்டாவது சுற்று.

டொக்.

சத்தத்திலேயே நாரேக்குத் தெரிந்துவிட்டது, கோணல் அடி. பந்து எழும்பியது, வளைந்தது, வெயிலில் ஒரு கணம் காணாமல் போனது, பிறகு வந்தது. நேராக அவளை நோக்கி வந்தது. நாரே இருக்கையைவிட்டு எழுந்தாள். கையுறையை உயர்த்தினாள். வா, வா, வா.

அவள் தலைக்கு மேல் ஒரு நிழல் விழுந்தது. முறம் போல ஒரு கை அவளைத் தாண்டிப் போய், கையுறை இல்லாமலேயே பந்தைப் பிடித்தது.

செமிசி தன் கையைப் பார்த்தான். அதில் பந்து இருந்தது. அவனாலேயே நம்ப முடியவில்லை. மேலே திரும்பி அம்மாவிடம் பந்தைக் காட்டினான். பிறகு அதை இரண்டு கைகளாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

மாமா எழுந்து நின்றார். ஆறு வருடமாக இந்த நாளுக்குத்தான் அவரும் காத்திருந்தார். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார்.

"புள்ளைக்குக் குடு!"

அவர்கள் பகுதி எடுத்துக்கொண்டது. அடுத்த பகுதி எடுத்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் மைதானம் முழுவதும் அதே கோஷம். பெரிய திரையில் இருவரும் தெரிந்தார்கள். ஒரு பக்கம், தலையில் இரண்டு பைகளோடு மலை போன்ற ஒருவன், கையில் பந்து. இன்னொரு பக்கம், தலையில் ஒரு பையோடு சின்னஞ்சிறு பெண், கையில் வெறும் கையுறை. யார் கொடுக்க வேண்டும், யார் வாங்க வேண்டும் என்று யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தன்னைத்தான் பாராட்டுகிறார்கள் என்று நினைத்துச் செமிசி முதலில் கையாட்டினான். சத்தம் கூடியது. முன்வரிசைப் பெண் ஒருத்தி பந்தைக் காட்டி, நாரேயைக் காட்டி, மறுபடி பந்தைக் காட்டினாள். அவனுக்குப் புரிந்தது. பந்தை ஒருமுறை பார்த்தான். பிறகு அதை நாரேயின் கையுறைக்குள் வைத்தான்.

மைதானம் ஆரவாரித்தது. வந்துவிட்டது. பந்து வந்தேவிட்டது. இதைத் தேசிக் இப்போது தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருப்பான். நூடுல்ஸ் தொண்டையில் சிக்கி இருமிக்கொண்டிருப்பான். நாரேக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். செமிசியும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். ஆனால் அவன் கீழுதடு மட்டும் நடுங்கியது.

அந்த உதட்டை அவளுக்குத் தெரியும். ஒவ்வோர் ஆட்டம் முடிந்து வீட்டுக்குப் போகும்போதும், பேருந்தின் ஜன்னல் கண்ணாடியில் அதே உதட்டைப் பார்த்திருக்கிறாள்.

கையுறைக்குள் பந்து சூடாக இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று தோன்றியது. இன்னும் கொஞ்சம். பிறகு அவள் அதை எடுத்துச் செமிசியின் கையில் வைத்தாள்.

கூட்டத்துக்குக் குழப்பம். பாவம், வெட்கப்படுகிறாள் போலிருக்கிறது என்று நினைத்து மறுபடியும் கத்தத் தொடங்கியது. செமிசி பயந்துபோய்ப் பந்தை அவளிடம் தள்ளினான். அவள் திருப்பித் தள்ளினாள். அவன் தள்ளினான். மாமா கண்ணை மூடிக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார். நாரே அவர் சட்டையை இழுத்தாள். சட்டைதான் நீண்டது, மாமா திரும்பவில்லை.

"இவன்தான் புள்ளை!" என்று நாரே கத்தினாள். அவள் குரல் அவள் காதுக்கே கேட்கவில்லை.

இருக்கையின் மேல் ஏறி நின்றாள். அப்படியும் அவன் காதுவரைதான் வந்தாள். திரையில் அதைப் பார்த்த கூட்டம், எவ்வளவு குட்டிப் பிள்ளை பாரேன் என்று உருகிப்போய் இன்னும் பலமாகக் கத்தியது.

அப்போதுதான் நாரே திரையைக் கவனித்தாள். குரல் கேட்காவிட்டால் என்ன, கை தெரிகிறதே. அவளுடைய விரல்கள் ஒவ்வொன்றும் அங்கே ஓர் ஆள் உயரம் இருந்தன.

செமிசியைச் சுட்டிக்காட்டினாள். பத்து விரல்களைக் காட்டினாள். பிறகு ஒன்று.

தன்னைச் சுட்டிக்காட்டினாள். பத்து விரல்கள். பிறகு இரண்டு.

கோஷம் ஓரிடத்தில் தடுமாறியது. அவள் மறுபடியும் காட்டினாள். அவன், பத்து, ஒன்று. நான், பத்து, இரண்டு. செமிசியும் புரிந்துகொண்டு தன் பெரிய விரல்களை உயர்த்தினான். பத்து. ஒன்று. கோஷம் பகுதி பகுதியாக அடங்கியது. கடைசியில் மாமாவின் குரல் மட்டும் தனியாக ஒலித்தது. அது அவருக்கே உறைத்துக் கண்ணைத் திறந்தார்.

"என்னாச்சு? ஏன் நிறுத்திட்டாங்க?"

"இவனுக்குப் பதினொன்னு மாமா. எனக்குப் பன்னெண்டு. நான் அப்பவே சொன்னேன்ல?"

மாமா செமிசியைப் பார்த்தார். தன் கையில் இருந்த கோப்பையைப் பார்த்தார்.

"அடப்பாவி. பச்சப் புள்ளைக்கா நான் பீர் நீட்டினேன்?"

அதற்குள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு செமிசியின் அம்மா வந்து சேர்ந்தார். ஒரு கையில் பொரித்த கோழி டப்பா. தன் மகனைப் பார்த்து ஓர் ஊரே கத்தினால் எந்த அம்மாதான் மேலே உட்கார்ந்திருப்பார்? அவனுடைய கழுத்தைப் பிடித்து முகத்தைக் கீழே இழுத்தார். இடுப்பிலிருந்து கைக்குட்டையை எடுத்து அவன் மூக்கைத் துடைத்தார். அவனும் கண்ணை மூடிக்கொண்டு காட்டினான்.

பெரிய திரையில் மைதானம் முழுவதும் அதைப் பார்த்தது. இதற்கு மேல் யாருக்கும் சாட்சி வேண்டியிருக்கவில்லை. ஒரு மூலையில் சிரிப்பு கிளம்பி மறுமூலைக்குப் போய்த் திரும்பி வந்தது.

மாமா கோப்பையைக் கீழே வைத்தார். மூச்சை இழுத்தார்.

"புள்ளையே வச்சுக்கட்டும்!"

"புள்ளையே வச்சுக்கட்டும்! புள்ளையே வச்சுக்கட்டும்!" என்று மைதானம் அதிர்ந்தது. இந்தக் கோஷத்தை அதுவரை யாரும் போட்டதில்லை. செமிசி பந்தைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினான். அதுதான் அன்று அந்த மைதானத்தில் எல்லாவற்றையும்விட உயரமாக இருந்தது.

பூசான் அணி ஆட்டத்தில் தோற்றது. அது புதிதல்ல.

புதிதாக நடந்தது வேறு. முன்வரிசையில் இருந்த வழுக்கைத் தலைக்காரர் காய்ந்த கணவாய்ப் பொட்டலத்தோடு திரும்பி, "அக்கா, கணவாய் எடுத்துக்கறீங்களா?" என்று நாரேயிடம் கேட்டார். பின்வரிசைக்காரர், "அக்கா, கொஞ்சம் உக்காருங்க, மறைக்குது," என்றார். ஆட்டம் முடிவதற்குள் சுற்றியிருந்த நான்கு வரிசைகளுக்கும் அவள் அக்காவாகிவிட்டாள்.

கிளம்பும்போது செமிசி பந்தை நாரேயின் கையுறைக்குள் வைக்க, அவன் அம்மா இருவரையும் சேர்த்துப் படம் எடுத்தார். படம் எடுத்து முடித்ததும் பந்தை எடுத்துக்கொண்டான். சரியாக எடுத்துக்கொண்டான், ஒரு நொடி தாமதிக்கவில்லை. பிறகு நாரே சொல்லிக்கொடுத்தபடி இடுப்பை வளைத்து வணங்கினான். "அக்கா," என்றான்.

பேருந்தில் நாரே ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். மாமா குரலைத் தாழ்த்திப் பார்த்தார். அவருக்கு அது கஷ்டமான வேலை.

"வருத்தமா இருக்கா?" என்று கேட்டார்.

"ஆமா. ரொம்ப."

மாமா தலையாட்டினார்.

நாரே கையுறைக்குள் மூக்கை நுழைத்தாள். புதுத்தோல் வாசனை. முதல் தடவையாக அதற்குள் ஒரு பந்தின் வாசனை இருந்தது. கண்ணாடியில் பார்த்தாள். உதடு ஒழுங்காகத்தான் இருந்தது.

"மாமா, அடுத்த வருஷம் எனக்காக நீங்க கத்த வேணாம். நானே பிடிச்சுக்கறேன்."

"சரி."

"ஆனா பக்கத்து சீட்டுல குட்டையான ஆளா இருக்கணும்."

"டிக்கெட் வாங்கும்போது கேட்டுப் பாக்கறேன்," என்றார் மாமா. முன்னால் இருந்த ஓட்டுநருக்கே அது கேட்டது.