கடலுக்கு வைத்த கோதுமை

காற்று அடியோடு நின்று, நடுப்பகல் வெயிலில் கடல் எண்ணெய்போல் அசையாமல் கிடந்தபோது, படகின் அடியில் யாரோ தட்டினார்கள். அடுத்த வீட்டுக்காரர் கதவைத் தட்டுவது போன்ற, மரியாதையான தட்டு.

"வாங்கெலி, கேக்குதா?" என்றாள் ஆர்கிரோ.

"வாடகைப் படகுல மீன் சத்தம் இலவசம்" என்றான் அவள் கணவன், மெத்தையில் மல்லாந்தபடி. வாய் எதையோ மென்றுகொண்டிருந்தது.

காலையில் கிரேக்கத்து லாவ்ரியோ துறையில் படகுச் சாவியைக் கொடுத்த படகுக்காரி ஸ்தமாத்தா, ஒரு துணிப்பையையும் ஆர்கிரோவின் கையில் வைத்திருந்தாள். "செத்தவங்களுக்காகப் புனித நிக்கோலா கோவில்ல ஜெபிச்ச கோதுமைம்மா. காத்து செத்துப்போனா ஒரு பிடி கடல்ல போடு. கடல்ல மூழ்கிக் கீழ இருக்கறவங்களும் நம்ம ஆளுங்கதான், பசிக்கும்ல. என் வீட்டுக்காரரும் அங்கதான் இருக்கார்."

ஆர்கிரோ பையை எடுத்தாள். காலி.

"எல்லாத்தையுமா தின்ன?"

"மாதுளை, சர்க்கரை எல்லாம் போட்டிருந்தாளே. செத்தவனுக்கு எதுக்குடி இனிப்பு?" சிரித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

அவனைக் கரை சேர்த்துவிட வேண்டும். அது ஒன்றுதான் அவள் மனதில் ஓடியது. சாவியைத் திருப்பினாள். என்ஜின் இருமி அடங்கியது. தட்டும் ஓசை அடியிலிருந்து பக்கவாட்டுக்கு ஏறி வந்தது. கூடவே ஈரக் கம்பளியும் அணைந்த மெழுகுவர்த்தியும் கலந்த ஒரு வாடை. படகின் வெள்ளை விளிம்பின் மேல் விரல்கள் தெரிந்தன. நீரில் ஊறி வெளுத்த விரல்கள். பிறகு உள்ளங்கைகள், வரிசையாக, குவிந்தபடி. பிடிக்க வரவில்லை. கேட்டன.

ஆர்கிரோ சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். கூடையிலிருந்த ரொட்டியைப் பிய்த்து ஒவ்வொன்றிலும் வைத்தாள். "சாப்பிடுங்க. தப்பா நினைச்சுக்காதீங்க."

கைகள் மெல்ல மூடின. ஒவ்வொன்றாக இறங்கின.

படகின் பாய் லேசாக அசைந்தது. காற்று. அவளுக்கு அழுகை வந்தது. கொடுத்தால் போதும். அவ்வளவுதான் கேட்டார்கள்.

"வாங்கெலி, எழுந்திரு."



திரும்பினாள்.

மறுபக்க விளிம்பைத் தாண்டி ஒரு நீண்ட கை வந்திருந்தது. விரலில் கல்யாண மோதிரம். மணிக்கட்டு வரை அவன் வாய்க்குள். பொறுமையாகத் தேடியது. வெளியே வந்தது. ஒரு கோதுமை மணியை வெயிலில் பிடித்துப் பார்த்து, மெத்தையில் வைத்தது. அங்கே ஏற்கெனவே ஒரு சிறு குவியல்.

மீண்டும் உள்ளே போனது.

வாங்கெலியின் கண்கள் திறந்திருந்தன. அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.