தோணிக்குள் போன சங்குக் காசு

"கூண்டு ஏத்திட்டாங்க, பாத்தியா? இப்பவும் போகணுங்கிறியா?"

சிறு படகான வல்லத்தைத் தண்ணீருக்குள் தள்ளிக்கொண்டிருந்த ரஞ்சன் அப்படியே நின்றுவிட்டான். துறைமுகத்துக் கம்பத்தில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு விடியல் வெளிச்சத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

"ஒண்ணாம் நம்பர்தானே மச்சான்! புயல் எங்கேயோ தூரத்துல கிடக்குன்னு அர்த்தம்" என்றாள் டெல்பினா. "அது இங்க வந்து சேந்துச்சுன்னா தோணியும் இருக்காது, காசும் இருக்காது. தள்ளுங்க!"

தள்ளினான். அத்தை மகள் டெல்பினாவோடு வாதாடி ஜெயித்தவன் தூத்துக்குடியில் இன்னும் பிறக்கவில்லை. ரஞ்சன் சங்கு குளிக்கிறவன். கடலடியில் மூச்சுப் பிடித்து நிற்பான், இவளிடம் ஒரு நிமிடம் நிற்க மாட்டான்.

வல்லத்தில் ஏற்கெனவே ஒருவன் உளிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் பேச்சிமுத்து. மரத்தோணி கட்டும் தச்சர்களை அந்தக் கரையில் ஓடாவி என்பார்கள். பேச்சிமுத்து ஓடாவி, அவன் அப்பாவும் ஓடாவி. இவர்கள் தேடிப் போகும் தோணியைக் கட்டியதே அவன் அப்பாதான்.

"காசு எங்க இருக்குன்னு நான் கண்ணை மூடிக்கிட்டே காட்டுவேன் தங்கச்சி. போறோம், பொருத்தைப் பிளக்கிறோம், எடுக்கிறோம், வாறோம்!" என்றான் அவன்.

இவ்வளவு சுலபமாக ஒருவன் பேசினால் கொஞ்சம் பயப்படுவதுதான் நல்லது. ஆனால் டெல்பினாவுக்கு அப்போது அந்தப் பேச்சு தேனாக இனித்தது.

அவர்கள் தேடிப் போனது தங்கமில்லை, வெள்ளியுமில்லை. ஒரு செப்புக் காசு! ஒரு பக்கம் சங்கு, மறுபக்கம் பாய் விரித்த கப்பல். நாணயம் சேர்க்கிற எல்லாருக்கும் அந்தக் காசைப் பற்றித் தெரியும். கண்ணால் கண்டவர் யாருமில்லை. ஏதோ பழைய புத்தகத்தில் யாரோ வரைந்த படம் ஒன்று உண்டு, அவ்வளவுதான். அதனால் அதற்குப் 'பேய்க்காசு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

பார்த்தேன் என்று சொன்ன ஒரே ஆள் டெல்பினாவின் அப்பா செலஸ்டின் கர்வாலோ. இளவயதில் ஒரு சங்கைத் தட்டிக் கவிழ்த்தபோது மண்ணோடு மண்ணாக அந்தக் காசு அவர் காலடியில் விழுந்தது. அதன் அருமை அவருக்குத் தெரியாது. 1980இல் சொந்தமாகச் சரக்குத் தோணி கட்டி, அதன் தலைவராக, கரைப் பேச்சில் தண்டலாக, தானே ஓட்டினார். தோணியின் அடிமரத்துக்கு ஏரா என்று பெயர். அந்த ஏராவோடு, முன்பக்கம் நிமிர்ந்து நிற்கும் முன்கொம்பு வந்து சேரும் பொருத்துக்குள் தோணிக்காரர் ஒரு காசு வைக்க வேண்டும். அது கரை வழக்கம். கடல் கொடுத்தது கடலிலேயே ஓடட்டும் என்று அவர் சங்குக் காசை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

பல வருடம் கழித்து ஊர் நாணயச் சங்கத்தில் அந்தப் படத்தைப் பார்த்தார். "இது என் காசுல்லா!" என்று கத்தியே விட்டார். "ஆனா படம் தப்பு. இதுல இடம்புரியா வரைஞ்சிருக்கு. காசுல இருந்தது வலம்புரி!"

"அப்படியா? காசு எங்க அண்ணாச்சி?" என்று கேட்டார் சங்கத் தலைவர் வேலாயுதப் பெருமாள்.

"கடலுக்குள்ள. தோணி முங்கிப்போச்சே."

கூடம் முழுக்கச் சிரித்தது. அன்றிலிருந்து அவருக்குப் பெயர் பேய்க்காசு கர்வாலோ.

டெல்பினா விடவில்லை. அதே காசில் இன்னொன்றாவது கிடைக்காதா என்று கரூரில் ஆற்றுமணல் சலிப்பவர்களைக் கேட்டாள். மதுரையில் பழைய சாமான் கடைகளைக் குடைந்தாள். இராமேசுவரத்தில், கீழக்கரையில், காயல்பட்டினத்தில் என்று வருடக்கணக்காக அலைந்தாள். கடல் வற்றினால் கருவாடு தின்னலாம் என்று காத்திருந்த கொக்கின் கதைதான். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும் என்று அதையும் தாங்கிக்கொண்டாள். ஆனால் போன மாதம் அப்பா காசுப் பெட்டியைப் பூட்டிப் பரணில் போட்டுவிட்டு, "நான்தான் தப்பாப் பாத்துட்டேனோ என்னவோம்மா" என்றார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அடுத்தவன் நம்பாவிட்டால் போகிறது. தன் கண்ணையே தான் நம்பாத மனிதன் எப்படித் தூங்குவான்?

அந்தச் சமயத்தில்தான் ரஞ்சன் ஒரு சேதி கொண்டுவந்தான். நீரோட்டம் மணலை அரித்து, நண்டுத்திட்டுப் பாறைமேல் ஒரு தோணியின் எலும்புக்கூடு வெளியே வந்திருக்கிறது! தோணியின் முன்பக்கமான அணியத்துப் பலகையில் சிலுவையும் மீனும் செதுக்கியிருக்கிறது. அப்பாவின் தோணியேதான்.

நண்டுத்திட்டு கண்ணுக்குத் தெரிந்தபோது வெயில் ஏறியிருந்தது. கடல் வடிந்து, பாறை முதுகு வெளியே தெரிந்தது. அதன் நடுப் பள்ளத்தில் தோணியின் விலாமரங்கள் கறுத்து நின்றன. காற்று திடீரென்று நின்றுபோயிருந்தது. ரஞ்சனுக்கு அது பிடிக்கவில்லை.

"சட்டுன்னு முடிங்க. தண்ணி திரும்புறதுக்குள்ள நாம வல்லத்துல இருக்கணும்!"

இடுப்பளவு நீரில் குதித்தார்கள். பாறையில் சிப்பிகள் கத்தியாக நின்றன. பேச்சிமுத்து நேராக அணியத்துக்குப் போனான், ஏராவும் கொம்பும் சேரும் இடத்தைத் தட்டிப் பார்த்தான், உளியை வைத்து ஓங்கி அடித்தான். மரம் நனைந்து இறுகிக் கிடந்தது. அடிக்கு மேல் அடி! ரஞ்சன் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினான்.

படாரென்று பொருத்து பிளந்தது!

உள்ளே ஒரு காசு இருந்தது. டெல்பினா எடுத்து, கடல்நீரில் நனைத்துப் பார்த்தாள். சங்கு இல்லை. கப்பல் இல்லை. நாலு சிங்கம் இருந்தது. அது ஒரு ரூபாய் நாணயம்.

தூரத்தில் முதல் இடி உருண்டது.

"மாமா வச்சது இதுதானோ டெல்பி?" என்று ரஞ்சன் மெதுவாகக் கேட்டான். "வயசாகிட்டா... மனசுல எதையாவது..."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்பா தப்பாகத்தான் பார்த்தாரா? இந்த ரூபாயைக் கொண்டுபோய் எந்த முகத்தோடு அவர் முன்னால் நிற்பது? தூக்கி எறியக் கையை ஓங்கினாள். காசு சேர்ப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தக் காசு கையில் விழுந்தாலும், மீன்கடையில் வாங்கிய சில்லறையானாலும், வருடத்தைப் பார்க்காமல் விட மாட்டார்கள். அவளும் பார்த்தாள்.

1988.

"மச்சான்! தோணி கட்டினது எண்பதுல. எண்பத்தெட்டுல அடிச்ச காசு இதுக்குள்ள எப்படி வரும்?"

பேச்சிமுத்து குனிந்து மரத்தைத் தடவினான். ஏரா கறுப்பு, கொம்பு சிவப்பு, ஆணியும் வேறு. அவன் முகம் மாறியது. "கொம்பை மாத்தியிருக்காங்க தங்கச்சி!"

"ஆமா! அந்தச் சமயத்துலதான் கொழும்புத் துறைமுக வாசல்ல தோணி பாறையில மோதி, அப்பா கால் ஒடிஞ்சு ஆஸ்பத்திரியில கிடந்தாங்க. அப்பதான் கொம்பு மாத்தியிருப்பாங்க, அவங்களுக்கே தெரியாம! அண்ணே, கொம்பு மாத்தினா பழைய காசை என்ன செய்வீங்க?"

பேச்சிமுத்து தலையில் அடித்துக்கொண்டான். "நான் ஒரு மடையன்! அடிபட்ட பொருத்துல பழைய காசைத் திரும்ப வைக்க மாட்டோம், புதுசுதான் வைப்போம். வீட்டுக்கும் கொண்டுபோகக் கூடாது, அது தோணியோட காசு. பாய்மரக் குழிக்குள்ள போட்டுருவோம்!"

"எண்ணெய் தேய்ச்சுக் குளிச்ச மாதிரி வழுக்கி வழுக்கி இவ்வளவு நேரம் நின்னமே, இதை முதல்லயே சொன்னா என்னவாம்?" என்று ரஞ்சன் பல்லைக் கடித்தான். தண்ணீர் திரும்பிவிட்டது. இடுப்பிலிருந்து மார்புக்கு ஏறிக்கொண்டிருந்தது.

பாய்மரம் எப்போதோ போய்விட்டது. அது ஊன்றியிருந்த குழி மட்டும் தோணியின் நடுவில் ஏராவின்மேல், கல்லும் மணலும் மூடிக் கிடந்தது. ரஞ்சன் மூழ்கி மூழ்கிக் கல்லை எடுத்துப் போட்டான். கடைசிக் கல்லைப் புரட்டியதும் குழிக்குள்ளிருந்து எதுவோ சீறிப் பாய்ந்தது!

"அஞ்சாலை! கையை எடு!" என்று கத்தினான் ரஞ்சன்.

பாம்பைப் போல நீண்ட அந்த மீனின் பல் பட்டால் விரல் மிஞ்சாது. டெல்பினா பின்னால் சாய்ந்தாள். பேச்சிமுத்து உளியால் மரத்தில் டங் டங்கென்று தட்டினான். மீன் பின்வாங்கிக் குழிக்குள்ளேயே சுருண்டுகொண்டது. அதன் வீடு அது. அது எதற்குப் போக வேண்டும்?

தெற்கே வானம் மையாகக் கறுத்துவிட்டது. முதல் பெரிய அலை வந்து மூவரையும் விலாமரத்தில் மோதியது.

"போதும் டெல்பி! உயிர் இருந்தா அடுத்த தடவை வரலாம்!"

"அடுத்த தடவை தோணி இருக்காது மச்சான்!"

அவள் தலைத்துணியை அவிழ்த்தாள். அதைச் சுருட்டிக் கடப்பாரை நுனியில் கட்டிக் குழியின் ஒரு ஓரத்தில் நுழைத்தாள். அஞ்சாலை வெறியோடு துணியைக் கவ்வியது. "இழுங்க!" என்று கத்தினாள். ரஞ்சன் கடப்பாரையை வெளியே இழுக்க, துணியை விடாமல் மீனும் நீண்டு வெளியே வந்தது. அந்த ஒரு நொடியில் டெல்பினா மூச்சைப் பிடித்து மூழ்கித் தோள்வரை கையை விட்டாள். சேறு, சிப்பி, ஆணித்துரு... மூச்சு முட்டியது. மூலையில் வட்டமாக, கட்டியாக ஏதோ விரலில் தட்டியது. நகத்தால் நெம்பினாள். வரவில்லை. அப்பா, நீங்க பாத்தது நெசம்தானே! இன்னொரு முறை நெம்பினாள். பிடி விட்டது!

மேலே வந்து கையை விரித்தாள். அரிக்காமலிருக்க ஓடாவி குங்கிலியமும் எண்ணெயும் பூசிவைத்துக் கறுத்துப்போன ஒரு வில்லை. உள்ளே காசு இருப்பது கனத்தில் தெரிந்தது. எந்தக் காசு என்பது தெரியவில்லை.

"வல்லத்துக்கு ஓடுங்க!" என்றான் ரஞ்சன்.

பேச்சிமுத்து நகரவில்லை. "மாத்துக் காசு வைக்கணும் தங்கச்சி. தோணிக்குக் கொடுத்ததைச் சும்மா எடுத்துட்டுப் போனா கரை சேர மாட்டோம். எங்கப்பா கை வச்ச தோணி இது. வைக்காம நான் வல்லத்துல ஏற மாட்டேன்!"

"யோவ், கழுத்துக்குத் தண்ணி வந்துட்டுய்யா! அந்த ஒரு ரூவாயைப் போட்டுட்டு வா!"

"அதுவும் தோணியோட காசுதான். எடுக்கிறவங்களோட சொந்தக் காசு வேணும்."

டெல்பினா வாதாடவில்லை. அவள் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஓர் ஓட்டைக் காலணா தொங்கியது. சந்தையில் அதற்கு ஒரு டீ கூடக் கிடைக்காது. ஆனால் அவள் பள்ளிக்குப் போன முதல் நாளில் அப்பா கட்டிவிட்டது. அவள் காசு சேர்க்க ஆரம்பித்ததே அதிலிருந்துதான். கயிற்றை இழுத்து அறுத்தாள், ஒருமுறை உதட்டில் ஒற்றிக்கொண்டாள், ரூபாயையும் அதையும் சேர்த்துக் குழிக்குள் போட்டாள். நெஞ்சு வலித்தது, கை தயங்கவில்லை.

திரும்பிய வழியை நினைத்தால் ரஞ்சன் இன்றைக்கும் சிலுவை போட்டுக்கொள்வான். அலை வல்லத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது. பேச்சிமுத்து வாளி வாளியாக நீரை இறைத்தான். நடுவில் மோட்டார் இருமி நின்று, இழுத்த இழுப்பில் மறுபடி உயிர் பெற்றது. இத்தனைக்கும் நடுவில் ரஞ்சன், "ஒரு சுரண்டு சுரண்டிப் பாப்போமே, சங்கா சிங்கமான்னு தெரிஞ்சுட்டுச் சாவோம்!" என்று கத்தினான்.

"தொட்டீங்கன்னா கடல்ல தள்ளிருவேன்! ஒரு கீறல் விழுந்தாலும் காசு போச்சு!"

அவள் வில்லையை மூடிய கைக்குள் வைத்தபடியே கரையில் இறங்கினாள். துறைமுகத்தில் கூண்டு மூன்றாம் எண்ணுக்கு மாறியிருந்தது.

வீட்டில் அப்பா கரைக்கும் வாசலுக்குமாக நடந்து களைத்திருந்தார். திட்டுவதற்கு வாயைத் திறந்தவர், அவள் கையைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்.

"எங்கப்பா பாய்மரக் குழிக்குள்ள போட்டிருக்காரு, தண்டல்" என்றான் பேச்சிமுத்து.

டெல்பினா கொதிக்கும் நீரின் ஆவியில் வில்லையைக் காட்டினாள். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "வேண்டாம்மா. வேற எதாவதா இருந்துட்டா...?"

"இருக்காதுப்பா. நீங்க பாருங்க."

கறுப்புப் பூச்சு இளகியது. ஒரு சொட்டு விழுந்தது. காசின் விளிம்பு தெரிந்தது. பிறகு ஒரு வளைவு, அதற்குள் இன்னொரு வளைவு. பூச்சு காத்து வைத்திருந்த செம்பு புதிதாக மின்னியது. சங்கு! அதன் வாய் வலப்பக்கம் திறந்திருந்தது.

"வலம்புரி" என்றார் அப்பா. "நான் சொன்னேன்ல... வலம்புரின்னு சொன்னேன்ல!"

அழுதார், சிரித்தார், பேச்சிமுத்துவைக் கட்டிக்கொண்டார்.

புயல் கடந்துபோன ஞாயிற்றுக்கிழமை நாணயச் சங்கக் கூடத்தில் செலஸ்டின் கர்வாலோ காசை மேசைமேல் வைத்தார். ஒருவர் பின் ஒருவராக லென்ஸை வாங்கிப் பார்த்தார்கள். வேலாயுதப் பெருமாள் வெகுநேரம் பார்த்துவிட்டு எழுந்து நின்று கைகூப்பினார். "அண்ணாச்சி, அன்னைக்கு முதல்ல சிரிச்சது நான்தான். மன்னிச்சிருங்க."

"சிரிச்சதுக்கு என்ன, விடுங்க. தேடிப் பாத்துட்டுச் சிரிச்சிருக்கலாம்" என்றார் அப்பா.

வெளியே வரும்போது அவர் மகளின் கழுத்தைப் பார்த்தார். "ஏம்மா, காலணா எங்க?"

"மாத்துக் காசா வச்சிட்டேன்ப்பா. தோணியில." புயல் நண்டுத்திட்டைத் துடைத்துப் போட்டுவிட்டது என்று அன்று காலையில்தான் ரஞ்சன் வந்து சொல்லியிருந்தான். ஒரு விலாமரம்கூட மிச்சமில்லை.

அப்பா அவள் தலையைத் தடவினார். பிறகு அவருடைய பழைய சிரிப்பு மெல்ல வந்தது.

"அப்ப நாளைக்கு எவனாவது வந்து, கடலுக்குள்ள ஒரு ஓட்டைக் காலணாவைப் பாத்தேன்னு சொன்னா, நாம சிரிக்கக் கூடாது, என்ன?"