நிறைதெளி நோக்கி

கண்காணிப்புக் கோபுரத்தில் ஏறியதும் பனிமயம் வெறுங்கண்ணால் ஒருமுறை கடலைப் பார்ப்பாள். அதன் பின்னரே நோக்கியில் கண் வைப்பாள். கழிமுகத்துப் பாறைத் தொடரைக் கடந்து வரும் படகுகளுக்கு எவ்விடத்தில் திரும்பவேண்டும் என்று கம்பியில்லாப் பேசியில் சொல்வது அவள் பணி. இருபத்தாறு ஆண்டுகளில் அவள் சொல் கேட்ட படகு ஒன்றும் பாறையில் மோதியதில்லை.

முன்பிருந்த இருகண் நோக்கி முப்பது மடங்கு பெருக்கிக் காட்டும். பெருக்கம் மிகுந்தால் தெளிவின் பட்டை மெலியும். பாறை தெளிந்தால் அதற்கு அப்பாலுள்ள படகு மங்கும். படகு தெளிந்தால் பாறை புகைபோல் கரையும். எது முன், எது பின் என்பதை அந்த மங்கலே அவளுக்குச் சொல்லிற்று.

நிறைதெளி நோக்கி வந்தபின் மங்கல் உலகினின்றும் ஒழிந்தது. ஒரு நொடியில் நூறு தொலைவுகளுக்குக் குவியம் மாற்றி, ஒவ்வொன்றிலும் தெளிந்த பகுதியை மட்டும் எடுத்து, ஒரே காட்சியாய்த் தைத்துக் கொடுக்கும் கருவி அது. ஓரத்தில் தொலைவும் எண்ணாய் ஒளிரும். நகரத்தில் முப்பதாண்டுக்கு முன்பே மூக்குக்கண்ணாடியிலும் வகுப்பறைச் சாளரத்திலும்கூட அதையே பொருத்தினர்; இந்தக் கோபுரத்துக்கு அது வந்தது அவ்வாண்டுதான்.

ஆடிக் காற்றில் அலை பெருகியிருந்த ஒரு பிற்பகல், அவள் தம்பி தொம்மை நால்வரோடு படகில் வந்துகொண்டிருந்தான்.

"அக்கா, பாறையத் தாண்டிட்டனா? சாரல்ல ஒண்ணுந் தெரியல."

"பொறு, பாக்கேன்."

"ஒன் புதுக் கண்ணாடில என் மீசை நரைகூடத் தெரியுமாமே. வழி மட்டும் தெரியாதோ?"

நரை தெரிந்தது. பாறையில் ஒட்டிய சிப்பிகளும் அவ்வாறே தெரிந்தன. பாறைக்கு இப்புறம் எழுந்த நுரையின் தொலைவை எண் காட்டிற்று. அதைப் படகின் தொலைவென்று அவள் கொண்டாள்.

"தாண்டிட்டடா. வலப்பக்கம் வெட்டு."

படகு பாறையில் மோதிப் பிளந்தது. தொம்மையும் மூவரும் நீந்திக் கரை சேர்ந்தனர். நான்காமவன் சூசை சேரவில்லை.

விசாரணைக் குழுவினர் ஐவரும் முப்பது வயதுக்கு உட்பட்டவர். மங்கலை ஒருநாளும் கண்டறியாதவர். பதிவான காட்சியைப் பார்த்து, படகு பாறையைத் தாண்டிவிட்டது என்றே ஐவரும் கூறினர்.

"நீங்க சொன்னது சரிதாம்மா," என்றார் தலைவர் தணிகைவேல். "உங்க தம்பிதான் தாண்டின படகைப் பின்னால நழுவ விட்டிருக்கார். அவர் உரிமத்தை ரத்து பண்ணி, வழக்கும் போடணும்."

"ஐயா, இதுல பாறை முன்னால நிக்குதா, படகு முன்னால நிக்குதா?"

அவர் நெடுநேரம் உற்றுப் பார்த்தார்.

"ரெண்டும் தெளிவாத்தானேம்மா இருக்கு."

பனிமயம் வாசற்பக்கம் திரும்பிப் பார்த்தாள். வெளியே தாழ்வாரத்தில் சூசையின் மனைவி அமர்ந்திருந்தாள். அவளுக்கு எதிரே, தலை நிமிராமல் தொம்மை.

"அவன் நான் சொன்ன எடத்துலதான் திரும்புனான். தூரம் தெரியாமச் சொன்னது நான்."

"யோசிச்சுப் பேசுங்கம்மா. வேலை போயிரும். வழக்கு உங்க மேல திரும்பும்."

"திரும்பட்டும், ஐயா. நான் சொன்னத அப்படியே எழுதுங்க. கையெழுத்துப் போடுதேன்."