அண்ணன் கை பட்ட பெட்டி

மத்தியானமே வருவதாகச் சொன்ன கம்ப்யூட்டர் மெக்கானிக், வெயில் தாழ்ந்த பிறகு வந்து நின்றார். தாமதத்துக்கு ஒரு வார்த்தை கிடையாது. "பேஷண்ட் எங்கே?" என்றார். ஏதோ பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் என்று நினைப்பு.

பேஷண்ட் மாடிப்படியை ஒட்டிய சின்ன அறையில், மேசைமேல், ஒரு பக்க மூடி கழற்றப்பட்டுக் கிடந்தது. அது என் அக்கா புருஷனுடைய கம்ப்யூட்டர். அந்த ஆள் மாரடைப்பில் போய்ச் சேர்ந்து சில மாதங்கள் ஆகின்றன. போனவர்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டுமாம். சரி, சொல்கிறேன். நன்றாகத் தூங்குவார். விழித்திருக்கும் நேரம் முழுக்க என் அக்காவை மட்டம் தட்டுவார். அவள் எந்த வேலையில் கை வைத்தாலும் பின்னால் வந்து நின்று "ச்சு" என்று உச்சுக்கொட்டுவார். அந்தச் சத்தம் கேட்டால் அக்காவுக்குக் கையில் இருப்பது நழுவிவிடும். அப்படியே கூனிக்குறுகிப் போனாள்.

இப்போதுதான் கொஞ்சம் நிமிர்ந்திருக்கிறாள். ஒரு பதிப்பகத்துக்காரர் பள்ளிக்கூடப் புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைக்கும் வேலையை அவளை நம்பிக் கொடுத்திருக்கிறார். திங்கட்கிழமை முதல் பாடம் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். அப்புறம் அவள் மாமியார் வீட்டுக்குப் போய், அந்த ஆளின் பெரிய போட்டோவுக்குக் கீழே ஒரு மூலையில் உட்கார வேண்டியதுதான். அதற்கு என் அக்காவை விடமாட்டேன்.

பழைய கம்ப்யூட்டர் பக்க வேலைக்குத் தாங்காது என்றதும் அக்காவின் கொழுந்தன் ஓடி வந்தான். நாலு வீடியோ பார்த்துவிட்டால் இவனெல்லாம் இன்ஜினியர். "அண்ணி, நீங்க கவலையே படாதீங்க, நான் பார்த்துக்கறேன்" என்று புது போர்டு, புது மெமரி, செங்கல் அளவுக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு எல்லாம் வாங்கி மாட்டினான். அதோடு சரி. பட்டனை அமுக்கினால் விசிறி அரைச் சுற்று சுற்றும், நிற்கும். திரை கருப்பாகவே இருக்கும்.

"யாரு சார் இதை மாட்டினது?" என்றார் மெக்கானிக்.

"நான்தான்" என்றான் கொழுந்தன்.

"அதானே பார்த்தேன்."

கொழுந்தனுக்கு முகம் சுண்டிப்போனது. போன் வந்ததுபோல் காதில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டான். எனக்குச் சிரிப்பு வந்தது. நானும் அக்காவும் மெக்கானிக்குக்கு எதிரே கட்டிலில் உட்கார்ந்திருந்தோம். அவர் முதுகுக்குப் பின்னால் சுவர் மட்டும்தான்.

அவர் கிராபிக்ஸ் கார்டைக் கழற்றினார். பட்டனை அமுக்கினார். விசிறி அரைச் சுற்று சுற்றி நின்றது.

"ச்சு."

"சார், வேலை நடக்கும்போது உச்சுக்கொட்டாதீங்க" என்றார் மெக்கானிக், தலையைத் தூக்காமலே.

"யாரைச் சொல்றீங்க?" என்றேன்.

"அந்த சாரைத்தான்."

"அவர் வாசல்ல நின்னு பேசிட்டிருக்கார்."

மெக்கானிக் திரும்பிச் சுவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான்தான் கிண்டல் செய்கிறேன் என்று முடிவுகட்டிவிட்டார் போலிருக்கிறது. முறைத்துவிட்டு மறுபடி குனிந்தார். மெமரியைக் கழற்றித் துடைத்து வேறு இடத்தில் மாட்டினார். பட்டன். அரைச் சுற்று.

"ச்சு."

அக்கா என் கையைப் பிடித்தாள். அவள் விரல்கள் ஜில்லென்று இருந்தன.

கடைசியில் மெக்கானிக் அடியில் இருந்த இரும்புப் பெட்டியைத் தட்டினார். சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை மற்ற பாகங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பவர் சப்ளை. "எல்லாம் புதுசா வாங்கிட்டு இதை மட்டும் ஏன் சார் பழசா விட்டீங்க? செத்துப்போன பெட்டி இது. புது பார்ட்ஸுக்கு எப்படித் தாங்கும்?" என்று வாசலைப் பார்த்துக் கத்தினார்.

கொழுந்தன் உள்ளே வந்தான். கண் கலங்கியிருந்தது. "அது அண்ணன் கடை கடையா ஏறிப் பார்த்து வாங்கினது. அண்ணன் கை பட்ட பொருள் ஒண்ணாவது உள்ளே இருக்கட்டுமேன்னு..."

"பாசம் பொங்குதோ?" என்றேன். "அங்க திங்கட்கிழமை அக்கா வேலை போகப்போகுது. உங்க அண்ணன் பெட்டியைக் கட்டிப்பிடிச்சு அழுதா வேலை திரும்பி வருமா?"

"மெல்லப் பேசு" என்றாள் அக்கா. கொழுந்தனுக்காகச் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

மெக்கானிக் பையில் புதுப் பவர் சப்ளை வைத்திருந்தார். பழையதைக் கழற்றி ஜன்னல் திட்டில் வைத்தார். புதியதை மாட்டிப் பட்டனை அமுக்கினார். விசிறி சுற்றியது. நிற்கவில்லை. திரையில் வெளிச்சம் வந்தது. அக்கா சிரித்தாள். அவள் பல் தெரியச் சிரித்து எத்தனை காலம் ஆயிற்று! எனக்கு மனசு குளிர்ந்துபோனது.

அப்போது ஜன்னல் பக்கம் ஒரு முனகல் கேட்டது.

கழற்றி வைத்த பழைய பெட்டி. வயர்கள் எதிலும் மாட்டாமல் திட்டிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தன. அதன் விசிறி மெதுவாகச் சுற்றத் தொடங்கியது.

திரை அணைந்தது.

"உள்ளே கொஞ்சம் கரண்ட் தேங்கியிருக்கும்" என்றார் மெக்கானிக். "தானா வடிஞ்சிடும்."

காத்திருந்தோம். வடியவில்லை. விசிறி வேகம் பிடித்தது. தூசி கருகும் வாடை அறை முழுக்கப் பரவியது. ஜன்னலுக்கு வெளியே இன்னும் நல்ல வெளிச்சம். தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். அறைக்குள் மட்டும் மூலைகள் இருட்டிக்கொண்டு வந்தன.

மெக்கானிக் ஒரு பேனாவை விசிறிக்குள் செருகினார். விசிறி நின்றது.

பெட்டிக்குள்ளிருந்து, மிக அருகில், ஒரு மனித நாக்கின் சத்தம்.

"ச்சு."

டாக்டர் அய்யாவின் வேகத்தைப் பார்க்க வேண்டுமே! சுவரிலிருந்து கம்ப்யூட்டர் பிளக்கைப் பிடுங்கித் தரையில் எறிந்தார், பையை அள்ளினார். "கூலி வேணாம்மா, ஆளை விடுங்க" என்று வாசல்படி இறங்கி ஓடினார். "அவரைத் தெருமுனை வரைக்கும் விட்டுட்டு வர்றேன்" என்று கொழுந்தனும் கூடவே ஓடினான். அண்ணன்மேல் இருந்த பாசம் அவ்வளவுதான்.

"அவர் வந்துட்டார்டி" என்றாள் அக்கா.

"வந்தா வரட்டும். உயிரோட இருந்தப்பவே என்னத்தைக் கிழிச்சார்?"

"அப்படிப் பேசாதேடி. கேட்டுட்டிருப்பார்."

"கேக்கட்டும், நல்லா கேக்கட்டும். உன்னைப் பாடாப் படுத்தினது போதாதா? திங்கட்கிழமை பாடம் போகும். நீ இங்கேயே இரு."

பெட்டியைத் துண்டில் சுற்றித் தூக்கினேன். காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றிபோல் சுட்டது. மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தேன். உள்ளே முனகிக்கொண்டே வந்தது. எனக்குப் பயம் இல்லை என்று சொன்னால் பொய். பயத்தைவிட வெறுப்பு அதிகம், அவ்வளவுதான். தெருக்கோடியில் இருந்த பெரிய குப்பைத்தொட்டியில் அதை ஓங்கி எறிந்தேன். "குப்பையோட குப்பையா கிட" என்றேன். முனகல் நின்றுவிட்டது. இவ்வளவுதானா இந்த ஆள் என்று காறித் துப்பிவிட்டுத் திரும்பினேன்.

அறைக்கு வந்து பார்த்தால், எனக்கு அழுகையே வந்துவிட்டது. அக்கா மேசைமுன் உட்கார்ந்திருந்தாள். திரையின் வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. முதல் பாடத்தின் பக்கங்கள் ஒவ்வொன்றாக வரிசையில் ஏறிக்கொண்டிருந்தன. முதுகு நேராக இருந்தது. விரல்கள் கீபோர்டில் அப்படி ஓடின. என் அக்காவுக்கு இவ்வளவு வேகம் எங்கே இருந்தது என்று நினைத்துக்கொண்டே கிட்டே போனேன்.

காலில் ஏதோ குத்தியது.

குனிந்து பார்த்தேன். மெக்கானிக் பிடுங்கி எறிந்த பிளக். எறிந்த இடத்திலேயே கிடந்தது. அதன் வயரைக் கையால் தடவிக்கொண்டே போனேன். அது மேசைக்கடியில் ஓடி, மேலே ஏறி, கம்ப்யூட்டரின் முதுகில் போய் முடிந்தது. கரண்ட் வர வேறு வயர் எதுவும் இல்லை.

"அக்கா..."

தட்டச்சுச் சத்தம் நின்றது. அவள் திரும்பவில்லை. கால்மேல் கால் போட்டு, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள். பேசியது அவள் குரலில்தான். ஆனால் என் அக்கா இவ்வளவு நிதானமாக, இவ்வளவு இளக்காரமாக, யாரிடமும் பேசியதே இல்லை.

"நான் போனதும் எல்லாருக்கும் குளிர் விட்டுப்போச்சு, இல்ல?"

பதிலுக்கு நறுக்கென்று நாலு வார்த்தை கேட்கத்தான் வாயைத் திறந்தேன். கைகள் தாமாகவே கட்டிக்கொண்டன. அந்த ஆள் உயிரோடு இருந்த காலத்தில் ஒருநாள்கூட நான் கொடுக்காத மரியாதை வெளியே வந்த என் குரலில் இருந்தது.

"இல்ல, அத்தான்" என்றேன்.