வாசிக்காத ஓலை

டிரிங்... டிரிங்...

மேனேஜர் சக்ரபாணி ரிசீவரை எடுத்தார்.

"ஹலோ?"

பதில் இல்லை.

தொந்தரவு வேண்டாமென்று ரிசீவரை மேஜைமேல் படுக்க வைத்தார். இன்டர்வியூ நடக்கும்போது எப்போதும் அப்படித்தான்.

எதிரே இசபெல்லா. தூத்துக்குடியின் அந்தக் கப்பல் ஏஜென்சிக்கு டைப்பிஸ்ட் தேவை. பழைய டைப்பிஸ்ட் மெட்டில்டா, போன ஞாயிறு விடிகாலையில் துறைமுகத்தில் பிணமாக மிதந்தாள்!

தற்கொலை என்றது போலீஸ். தற்கொலை என்பதால் கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே, ஜெபம் இல்லாமல் புதைத்தார்கள். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவளைப் பார்க்கவே இல்லை என்று சக்ரபாணி போலீசில் எழுதிக் கொடுத்திருந்தார்.

டைப்பிங் ஸ்பீடு கேட்டார். ஷார்ட்ஹேண்ட் கேட்டார். பிறகு எழுந்து போய்க் கதவைத் தாழிட்டார்.

"வீட்டுல யார் யார் இருக்காங்க?"

"அம்மா மட்டும்."

"இங்க வந்தது யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது சார்."

அவர் முகத்தில் திருப்தி... அவள் முதுகில் வியர்வை.

"கல்யாணம் நிச்சயமாயிருக்கா?"

"இது வேலைக்கான கேள்வியா சார், சொந்தக் கேள்வியா?"

"ரெண்டும்தான். மெட்டில்டா கோயில்ல கல்யாண ஓலை கொடுத்துட்டு, வேலைய விடுதேன்னு வந்து நின்னா. எனக்கு அது பிடிக்கல."

"ஓலை கொடுத்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மாப்பிள்ளை பேரு, பொண்ணு பேரு ரெண்டையும் ஞாயித்துக்கிழமைப் பூசையில ஊரறிய வாசிப்பாங்களே!"

"வாசிக்கவே இல்ல சார். சனிக்கிழமை மத்தியானம்தான் மணப்பாடு கோயில்ல கொடுத்தோம். சாயங்கால பஸ்ஸுல அவ இங்க வந்தா. மறுநாள் பூசைக்கு முந்தியே அவ உடம்பு துறைமுகத்துல மிதந்துட்டு."

"கொடுத்தோமா?"

"நான் அவ தங்கச்சி. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு பாக்காத நீங்க, சனிக்கிழமை கொடுத்த ஓலையப் பத்திச் சொல்லுதீங்க!"

சக்ரபாணியின் முகம் வெளிறியது. அடுத்த நொடி மேஜையைச் சுற்றி வந்தார். இசபெல்லா கதவை நோக்கிப் பாய்ந்தாள். தாழ் அசையவில்லை.

"அவளும் இப்படித்தான் என்னையே எதிர்க்கேள்வி கேட்டா. என்ன விட்டுட்டு எவனையோ கட்டப் போறாளாம்! ஒரு தள்ளு... அவ்வளவுதான். உனக்கும் அதே கடல்தான்."

அவர் விரல்கள் அவள் கழுத்தை வளைத்தன. மூச்சு முட்டியது. இன்னும் வரவில்லையே... அக்காவைப் போலவே நானுமா?

படார்!

கதவு உடைந்தது. இன்ஸ்பெக்டர் காசிலிங்கம் அவரைப் பிடித்து நாற்காலியில் தள்ளினார். மேஜைமேல் கிடந்த ரிசீவரை எடுத்தார்.

"என்ன ஏட்டையா, எல்லாம் எழுதியாச்சா? சரி, வச்சிருதேன்."

சக்ரபாணிக்கு இப்போதுதான் உறைத்தது. பதில் வராத அந்தப் போன் பக்கத்துக் கட்டிடத்திலிருந்து வந்திருக்கிறது; இங்கே பேசியதெல்லாம் அங்கே கேட்டிருக்கிறது! ரிசீவரைப் படுக்க வைக்கும் மேனேஜரைப் பற்றி மெட்டில்டா வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

இசபெல்லா வாய்விட்டு அழுதாள். அக்கா தற்கொலை செய்யவில்லை. இனி அவளுக்குக் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே இடம் உண்டு.

காசிலிங்கம் விலங்கைப் பூட்டினார்.

"ஒரே ஒரு சொந்தக் கேள்வி சார். வீட்டுல யார் யார் இருக்காவ? பாளையங்கோட்டை ஜெயிலுக்கு வந்து மனு போட்டு உங்களப் பாக்க ஆள் வேணும்லா!"