பத்து மணிக்குச் சாவி எங்கே?

ஆயாம்மாவின் கோட்டுப் பைமேல் மோப்பிக்கு நான்கு நாளாகச் சந்தேகம்.

மோப்பி என்பது அவளுக்கு அம்மா வைத்த பட்டப்பெயர். வயது பத்து. வீட்டில் யார் எதை ஒளித்தாலும் அரை மணி நேரத்தில் மூக்கை நீட்டிக்கொண்டு அங்கே போய் நிற்பாள். "உன்னைப் பெத்ததுக்கு ஒரு போலீஸ் ஸ்டேஷனைப் பெத்திருக்கலாம்" என்று அம்மா அலுத்துக்கொள்வார்.

அவளுடைய தம்பிக்கு மூன்றரை வயது. நில் என்றால் நிற்க மாட்டான். அதனால் அவன் பம்பரம். டயர் கடைக்கும் அச்சகத்துக்கும் நடுவே, ஒரு பழைய வீட்டில் நடக்கும் மழலைப் பள்ளியில் அவன் படிக்கிறான். படிக்கிறான் என்பது ஒரு பேச்சுக்குத்தான். பாதி நேரம் ஓடுவான், மீதி நேரம் தூங்குவான்.

மோப்பிக்கு அப்போது தேர்வு நடந்துகொண்டிருந்தது. தேர்வு மதியம்தான். அம்மாவுக்கோ மருத்துவமனைச் சலவைக் கூடத்தில் காலை ஏழு மணிக்கே வேலை. அதனால் காலையில் தம்பியோடு வந்து மழலைப் பள்ளியின் ஒரு மூலையில் உட்கார்ந்து படிக்க, பெரிய டீச்சர் அவளை அனுமதித்திருந்தார்.

புத்தகம் மடியில் இருக்கும். கண் மட்டும் நாலு பக்கமும் மேயும்.

அப்படி மேய்ந்த கண்ணில்தான் அது பட்டது. பள்ளியின் ஆயாம்மா எப்போதும் ஒரு நீலக் கோட்டு போட்டிருப்பார். அதன் வலது பையை அடிக்கடி தொட்டுப் பார்ப்பார். ஒரு குழந்தைக்கு மூக்கைத் துடைத்துவிட்டு ஒரு தடவை. தண்ணீர் கொடுத்துவிட்டு ஒரு தடவை. தொடும்போதெல்லாம் உள்ளே 'கிணுக்' என்று ஏதோ சத்தம் போடும்.

"ஆயாம்மா, பைக்குள்ள என்ன?"

"ஒண்ணுமில்ல பாப்பா. நீ படி."

ஒன்றுமில்லாதது எப்படிக் கிணுக் என்று சொல்லும்?

காலை பத்து மணி ஆனால் ஆயாம்மா தெருமுனைக் கடைக்குப் பால் வாங்கப் போவார். செவ்வாய்க்கிழமை மோப்பி பூனை மாதிரிப் பின்னாலேயே போனாள். போகும்போது இரண்டு முறை, வரும்போது மூன்று முறை ஆயாம்மாவின் கை பைக்குப் போனது. யாரிடமும் எதையும் கொடுக்கவில்லை, வாங்கவில்லை, பாலைத் தவிர.

புதன்கிழமை சந்தேகம் இரட்டிப்பானது. பெரிய டீச்சர் காலையிலிருந்து பரபரப்பாக இருந்தார். சுவரில் ஒட்டியிருந்த கிழிந்த படங்களை எடுத்தார். தண்ணீர்த் தொட்டிக்கு மூடி போட்டார். மின்சாரம் வரும் துளைகளையெல்லாம் பிளாஸ்டிக் அடைப்பு வைத்து அடைத்தார். குழந்தைகளை வரிசையாக நிறுத்தி, "குட் மார்னிங் மேடம்!" என்று பத்துத் தடவை சொல்ல வைத்தார்.

"எந்த மேடம்?" என்று மோப்பி கேட்டாள்.

"நாளைக்கு ஆய்வு அதிகாரி வர்றாங்க. பள்ளிக்கூடத்துக்கு லைசென்ஸ் புதுப்பிக்கணும். புள்ளைங்களுக்கு இங்க எல்லாம் பாதுகாப்பா இருக்கான்னு பார்ப்பாங்க. இல்லேன்னா மூடச் சொல்லிடுவாங்க."

சொல்லிவிட்டு டீச்சர் சமையலறைப் பக்கம் போனார். குரலைத் தாழ்த்தி ஆயாம்மாவிடம் பேசியது மோப்பியின் காதில் விழுந்தது.

"நாளைக்குக் காலைல அதை எடுத்துடுங்க ஆயாம்மா. மறந்துடாதீங்க."

"எடுத்துடறேன் டீச்சர். அவங்க போனதும் மறுபடி போட்டுடலாம்."

அது என்ன 'அது'?

அன்று மாலை அம்மா துணி மடித்துக்கொண்டே புலம்பினார். "பள்ளிக்கூடத்துக்கு லைசென்ஸ் கிடைக்கலைன்னா இவனை எங்கடி விடுறது? இனி ஒரு நாள் லீவு போட்டாலும் வேலைக்கு வரவே வேணாம்னு மேற்பார்வையாளர் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாரு."

 அந்த 'அது' என்னவென்று நாளைக்குள் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று மோப்பி முடிவு செய்தாள்.

வியாழக்கிழமை காலை. ஆயாம்மாவின் கை ஒரு தடவைகூடப் பைக்குப் போகவில்லை. கிணுக் சத்தமும் இல்லை. ஆனால் குழந்தைகள் தூங்கும்போது விரிக்கும் போர்வைக் கட்டுக்கு அடியில் ஆயாம்மா கனமாக எதையோ செருகியதை மோப்பி பார்த்துவிட்டாள்.

ஆயாம்மா திரும்பியதும் அவள் போர்வைக்குள் கையை விட்டாள். சில்லென்று இருந்தது. இழுத்தாள். உள்ளங்கையை விடப் பெரிய இரும்புப் பூட்டு. அதன் வளையத்தில் தொங்கிய சாவிகள் இரண்டும் கிணுக் என்றன.

மோப்பி நிமிர்ந்து பின்கதவைப் பார்த்தாள். பச்சைக் கதவு. பூட்டு மாட்டும் கொண்டி வெறுமையாகத் தொங்கியது. அதற்குக் கீழே, பூட்டு உரசி உரசி, பச்சை வண்ணம் பிறை வடிவில் தேய்ந்துபோயிருந்தது. ஒரு நாள் இரண்டு நாள் உரசினால் இப்படித் தேயாது.

"அதை அங்கேயே வெச்சுடு கண்ணு." ஆயாம்மா பின்னால் நின்றுகொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"தினமும் பூட்டியே வெச்சிருப்பீங்களா?"

"ஆமா."

"எதுக்கு?"

ஆயாம்மா தரையில் உட்கார்ந்தார். "மழை பெய்ஞ்ச மாசம் அந்தக் கதவு திறந்து கிடந்துச்சு. ஒரு புள்ள விர்ருனு ஓடிட்டான். பின்னால சந்துல கிடங்கு லாரி ரிவர்ஸ்ல வந்துட்டிருக்கு. சட்டைக் காலரைப் புடிச்சு இழுத்தேன் பாரு, சக்கரத்துக்கும் அவனுக்கும் ஒரு முழம்தான் இருந்துச்சு. அன்னிக்கு மாட்டின பூட்டு."

"எந்தப் பையன்?"

 அறைக்கு நடுவே கைகளை விரித்துச் சுற்றிக்கொண்டிருந்த பம்பரத்தை ஆயாம்மா பார்த்தார்.

 இத்தனை நாள் திருட்டு முழி முழிக்கிறார் என்று இவரையா நினைத்தோம்?

ஆனால் சந்தேகம் அவளை அவ்வளவு லேசில் விடாது.

"ஆயாம்மா, சாவி எப்பவும் உங்க பையிலதானே இருக்கும்?"

"வேற யார்கிட்டயும் தரமாட்டேன்."

"அப்போ பத்து மணிக்கு நீங்க பால் வாங்கப் போறப்ப சாவி எங்க இருக்கும்?"

ஆயாம்மாவின் கை தானாக வெறும் பைக்குப் போனது. அங்கேயே நின்றது. 

அதற்குள் வாசலில், "குட் மார்னிங் மேடம்!" என்று குழந்தைகள் கத்தினார்கள்.

அதிகாரியின் தோளில் சிவப்புப் பை. கையில் அளவு நாடா. எதையும் நம்பாத கண். சன்னல் கம்பிகளின் இடைவெளியை அளந்தார். தீயணைப்பு உருளையில் கட்டியிருந்த அட்டையில் தேதியைப் படித்தார். முதலுதவிப் பெட்டியைத் திறந்து பஞ்சை முகர்ந்தே பார்த்தார். நம்மை மாதிரி ஒரு ஆள் என்று மோப்பி நினைத்துக்கொண்டாள்.

அதிகாரி பின்கதவைத் தள்ளினார். அது சட்டென்று திறந்தது. பெரிய டீச்சர் மெல்ல மூச்சு விட்டார்.

"எல்லாம் சரியா இருக்கு" என்றார் அதிகாரி. "கடைசியா ஒரு சின்னச் சோதனை."

அவர் முன்வாசலுக்குப் பக்கத்தில் இருந்த சமையலறைக்குப் போனார். அதன் வாசற்படியில் தன் சிவப்புப் பையை வைத்தார். "புள்ளைங்களா, இந்தப் பைதான் தீ. மணி அடிச்சதும் எல்லாரும் வெளிய ஓடணும். சரியா?"

மணி அடித்தார்.

குழந்தைகள் எல்லாரும் ஓடினார்கள், முன்வாசலை நோக்கி. சிவப்புப் பையை உரசிக்கொண்டு ஓடினார்கள். ஒரு குட்டிப் பெண் அதைத் தாண்டியே குதித்தாள். திறந்து கிடந்த பின்கதவின் பக்கம் ஒரே ஒரு தலைகூடத் திரும்பவில்லை.



அதிகாரி குனிந்து பம்பரத்திடம் கேட்டார். "தம்பி, தீ இந்தப் பக்கம்தானே இருக்கு? அந்தக் கதவு வழியா ஏன் போகலை?"

"அதுவா?" என்றான் பம்பரம், இதுகூடத் தெரியாதா என்பது போல. "அது பூட்டுக் கதவு."

"சின்னப் புள்ள மேடம், வாய்க்கு வந்ததைச் சொல்றான்" என்று பெரிய டீச்சர் அவசரமாகச் சிரித்தார்.

அதிகாரியின் பார்வை மூலையில் நின்ற மோப்பிமேல் விழுந்தது. "நீ பெரிய பொண்ணு. நீ சொல்லும்மா. இந்தக் கதவு எப்பவும் இப்படித்தான் திறந்திருக்குமா?"

 ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் பள்ளி பிழைக்கும், அம்மாவின் வேலை பிழைக்கும். நாளைக்கே கதவில் மறுபடி பூட்டுத் தொங்கும். தீப்பிடித்தால் பம்பரம் உள்ளே இருப்பான்.

"சொல்றேன் மேடம். ஆனா பாதியில எழுதக் கூடாது. முழுசாக் கேட்டுட்டுத்தான் எழுதணும்."

அதிகாரியின் புருவம் ஏறியது. பேனாவை மூடினார். "சரி."

மோப்பி லாரியைச் சொன்னாள். காலரைப் பிடித்து இழுத்த கையைச் சொன்னாள். பூட்டைச் சொன்னாள். பத்து மணிப் பாலையும் சொன்னாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் ஆயாம்மாவே போர்வைக்கு அடியிலிருந்து பூட்டை எடுத்துவந்து மேசைமேல் வைத்துவிட்டார். "நான்தான் மேடம் பூட்டினேன். புள்ள போயிடுவான்னு பயந்து போட்டேன். தீயை நினைக்கவே இல்ல."

"நானும்தான் விட்டுட்டேன்" என்றார் டீச்சர், தரையைப் பார்த்து.

"பூட்டு வேணாம் மேடம்" என்றாள் மோப்பி. "கதவுக்கு உச்சியில ஒரு தாழ்ப்பாள் போடலாம். சின்னப் புள்ளைக்கு எட்டாது. பெரியவங்க யாரா இருந்தாலும் சாவி இல்லாமத் திறக்கலாம். அப்புறம், மருந்துக் கடைக் கதவைத் திறந்தா சத்தம் வருமே, அந்த மாதிரி இதுலயும் ஏதாவது தொங்கவிடலாம். யாரு திறந்தாலும் தெரிஞ்சுடும்."

அதிகாரி வெகுநேரம் ஏதோ எழுதினார். 

"இன்னிக்கு லைசென்ஸ் கிடையாது" என்றார் கடைசியில். "மதியத்துக்குள்ள அந்தத் தாழ்ப்பாள் ஏறணும். ஏறலைன்னா மூடிடுவேன். பத்து நாளைக்குள்ள மறுபடி வருவேன். எப்பன்னு சொல்ல மாட்டேன். அப்பவும் புள்ளைங்க இப்படியே தீக்குள்ள ஓடினா, மன்னிக்க மாட்டேன்."

டயர் கடைக்காரர் பத்தே நிமிடத்தில் தாழ்ப்பாளை முடுக்கிக் கொடுத்தார். ஆயாம்மா ஒரு எவர்சில்வர் தட்டையும் நான்கு கரண்டிகளையும் கதவில் கட்டினார். திறந்து பார்த்தார்கள். ஒரு சமையலறையே மாடியிலிருந்து உருண்டது போல் சத்தம் வந்தது.

மாலையில் விஷயத்தைக் கேட்ட அம்மா பம்பரத்தை இறுக்கிப் பிடித்தவர் விடவே இல்லை. அவன் சுற்ற முடியாமல் தவித்தான்.

தாழ்ப்பாள் வேலை சுலபமாக முடிந்தது. குழந்தைகள்தான் மசியவில்லை. மணி அடித்தால் பழக்க தோஷத்தில் முன்வாசலுக்கே ஓடினார்கள். பின்கதவைக் காட்டினால், "பூட்டுக் கதவு!" என்று பின்வாங்கினார்கள். இரண்டு பேர் அழுதே விட்டார்கள்.

மோப்பி ஒரு நாள் முழுக்க யோசித்தாள். பிறகு சுண்ணக்கட்டியை எடுத்துக்கொண்டு பின்கதவு வழியாக இறங்கினாள். படியை ஒட்டி, அச்சகத்துக்குப் பின்னால் உயரமான சிமெண்ட் மேடை இருந்தது. லாரி அங்கே ஏற முடியாது. அதன்மேல் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு வட்டம் போட்டாள். வட்டத்துக்குள் ஒரு படம். ஒருத்திக்கு ஆமை, ஒருவனுக்குக் குடை, பம்பரத்துக்குப் பூனை.

"மணி அடிச்சா அவங்கவங்க வட்டத்துக்குள்ள நிக்கணும். டீச்சர் எண்ணி முடிக்கிற வரைக்கும் யாரும் அசையக் கூடாது. வட்டத்துக்கு வெளிய யாருமே நிக்கக் கூடாது."

தனக்கென்று ஒரு வட்டம் இருக்கிறது என்றதும் கதவின்மேல் இருந்த பயம் போன இடம் தெரியவில்லை. மணி எப்போது அடிக்கும் என்று டீச்சரை நச்சரிக்க ஆரம்பித்தார்கள்.

ஒன்பதாம் நாள். சரியாகப் பத்து மணி. ஆயாம்மா பால் வாங்கப் போயிருந்தார். முன்வாசலில் சிவப்புப் பை தெரிந்தது.

இவங்க வேணும்னேதான் இந்த நேரத்துக்கு வந்திருக்காங்க என்று மோப்பிக்குப் புரிந்துவிட்டது. பத்து மணிக் கதையைச் சொன்னதே அவள்தானே.

அதிகாரி யாருக்கும் வணக்கம்கூடச் சொல்லவில்லை. பையைச் சமையலறை வாசலில் வைத்தார். மணியை எடுத்து அடித்தார்.

பெரிய டீச்சர் ஒரே எட்டில் தாழ்ப்பாளைத் தட்டினார். தட்டும் கரண்டியும் அலறின. குழந்தைகள் பின்பக்கமாகப் பாய்ந்தார்கள். ஒருவர்கூட முன்வாசலைத் திரும்பிப் பார்க்கவில்லை. மோப்பி கடைசியாக வெளியே வந்தாள்.

கடைசி என்றுதான் நினைத்தாள். பம்பரம் அவள் காலுக்கிடையில் புகுந்து மறுபடி உள்ளே ஓடினான்!

"டேய்!"

அவன் அதிகாரியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான். "தீ எரியுதுல்ல? இங்க நின்னு என்ன எழுதுறீங்க? வாங்க!"

மேடையில் டீச்சர் எண்ணினார். ஒன்று கூடுதலாக வந்தது. நெற்றியைத் துடைத்துக்கொண்டு மறுபடி எண்ணினார். மறுபடியும் ஒன்று கூடுதல்.

பூனை வட்டத்தில் மொத்தம் மூன்று கால்கள் இருந்தன. இரண்டு பம்பரத்தினுடையவை. ஒன்று அதிகாரியினுடையது. இன்னொரு காலை ஊன்ற அங்கே இடமில்லை.

"மேடம், நீங்க வெளிய நிக்கலாம்" என்றார் டீச்சர் பதறிப்போய்.

"முடியாதாம்" என்றார் அதிகாரி. "எண்ணி முடிக்கிற வரைக்கும் அசையக் கூடாதுன்னு இங்க உத்தரவு."

"நான் ரெண்டு தடவை எண்ணிட்டேன் மேடம். எல்லாரும் இருக்காங்க."

"நீங்க எண்ணிட்டீங்க. நான் எண்ண வேணாமா?"

அவர் ஒவ்வொரு வட்டமாக விரலை நீட்டி எண்ணினார். ஆமையை எண்ணினார், குடையை எண்ணினார். எல்லாம் சரியாக இருந்தது. பிறகு, ஒற்றைக் காலில் நின்றபடியே, தூக்கிய முட்டியில் லைசென்ஸ் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார்.